சிக்னல் இல்லாத மலை

"வேவு பாக்குற புரோகிராமை எடுக்கச் சொன்னா, நெட்டையும் சேத்துப் பிடுங்கிட்டியே தம்பி" என்று கொதித்தாள் முனீஸ்வரி. போடியில் வீட்டிலிருந்தே ஆன்லைனில் ஏலக்காய் விற்கிறவள். காலையிலிருந்து ஒரு ஆர்டரையும் பார்க்க முடியவில்லை.

"அது நெட்டைத் தன் வழியாத் திருப்பி வச்சிருந்துச்சுக்கா. எடுத்ததும் வழி அந்துபோச்சு. செட்டிங்கைப் பழையபடி மாத்துனா வந்துரும்" என்றான் கம்ப்யூட்டர் மெக்கானிக் பிரின்ஸ்.

"நான் டைப் அடிக்கிறதை பூரா ஒருத்தன் உக்காந்து படிச்சிருக்கான். அவன் கை வெளங்குமா?"

"இதை வேற யாரும் தொடுவாகளாக்கா?"

"இங்கன யாரு இருக்கா? எங்க வீட்டுக்காரரு கேரளாவுல ஏலத்தோட்டத்துல கெடக்காக. நான் எத்தனை போன் போட்டாலும் எடுக்க மாட்டாக. கேட்டா, மலையில சிக்னல் இல்லம்பாக."

பிரின்ஸ் செட்டிங்கை மாற்றினான். நெட் வந்தது. கூடவே அவள் போனும் அடித்தது. கணவன் சுருளிராஜன்தான்.

"என்ன முனீசு, காலையில இருந்து நம்ம கம்ப்யூட்டர்ல நெட்டு இல்லையா?"

நெட் போனதை முனீஸ்வரி அவனிடம் சொல்லவே இல்லை.

"வந்துருச்சு" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "ஆனா இனிமே இங்கனயும் உங்களுக்கு சிக்னல் கிடைக்காது."