ஓரத்தில் விழுந்த பந்து

“போச்சு! மறுபடியும் ஓரத்துல!”

பல் டாக்டர் மட்டையால் தரையைக் குத்தினாள். நாத்தனார் அடித்த பந்து, கொடி நட்டிருந்த வழுவழுப்பான பச்சை வட்டத்தைத் தொடவே இல்லை. பக்கத்துப் புல்லுக்குள் போய்ப் புதைந்துகொண்டது.

கோல்ஃப் கிளப்பின் ஜோடிப் போட்டி. இறுதிச் சுற்று. ஜோடிக்கு ஒரே பந்து. இருவரும் மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். ஆக, நாத்தனார் புல்லில் தள்ளினால், அதை எகிற வைத்து, உருட்டி, கொடியிடம் சேர்க்க வேண்டியது அண்ணியான டாக்டரின் தலையெழுத்து. அந்தச் சின்ன அடிக்குப் பெயர்தான் ‘சிப்’.

“ஸாரி அண்ணி. பார்த்து அடிங்க” என்றாள் நாத்தனார். முகத்தில் மருந்துக்குக்கூட வருத்தம் இல்லை.

கிளப்பிலேயே குறி தப்பாத கை என்று பேர் எடுத்தவள். இன்றைக்கென்று பார்த்தா இப்படி?

பார்வையாளர்களுக்காகக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற கணவரிடம் போய்ப் பல்லைக் கடித்தாள் டாக்டர்.

“உங்க தங்கச்சி வேலையைப் பார்த்தீங்களா? கிளப் அணியில பாக்கி இருக்கிறது ஒரே இடம், அதுக்குப் போட்டி நாங்க ரெண்டு பேரும். பயிற்சியாளர் கண் கொட்டாம பார்த்துக்கிட்டு இருக்கார். அவர் எதிர்ல நான் சொதப்பணும். அதுக்குத்தான் இவ்வளவும்!”

“சேச்சே, அவ அப்படிப்பட்டவ இல்லம்மா.”

“ஆமா, தங்கச்சியை ஒண்ணு சொல்லிட்டா உங்களுக்குப் பொத்துக்கிட்டு வந்துடுமே!”

டாக்டரின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. சிப் என்றாலே அவளுக்கு உதறல். போன வருஷம் எல்லார் முன்னாலும் நாத்தனார் சொன்னாள்: “பந்தைக் கரண்டியால அள்ளுற மாதிரி அள்ளாதீங்க அண்ணி!” கிளப்பே சிரித்தது.

அன்றிலிருந்து வெறி. கூடத்துக் கம்பளத்தில் பந்து, எதிரே துணிக்கூடை. குறி தப்பியதில் கணவரின் மூக்குக்கண்ணாடி பலி. கிளினிக்கில் நோயாளி வாய் கொப்பளிக்கிற இடைவெளியில்கூட, மணிக்கட்டு ஆடாமல் கையை வீசிப் பார்ப்பாள். நோயாளிகள் மிரண்டு போய் வாயை மூடிக்கொள்வார்கள்.

இப்போது புல்லில் கிடந்த பந்தின் முன் நின்றாள். எடையை இடது காலில் போட்டாள். கொடியை மறந்துவிட்டு, பந்து எங்கே விழ வேண்டுமோ அந்த இடத்தை மட்டும் மனசில் குறித்துக்கொண்டாள். தலையைத் தூக்காமல் ஒரு சின்ன வீச்சு.

டொக்!

பந்து எகிறியது, குறித்த இடத்தில் குதித்தது, உருண்டு போய்க் குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. நாத்தனார் வந்து தட்ட, குழிக்குள் விழுந்தது.

கைதட்டல்!

அடுத்த தடவையும் நாத்தனார் ஓரத்தில்தான் போட்டாள். அண்ணி காப்பாற்றினாள். அதற்கடுத்து மேட்டுச் சரிவில். அதையும் காப்பாற்றினாள். வேறு ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட இந்தப் பக்கம் ஓடி வந்தார்கள். டாக்டருக்கு ஆட்டம் சூடு பிடித்துவிட்டது. பயம் போன இடம் தெரியவில்லை. ‘இன்னொண்ணு குடு, இன்னொண்ணு குடு’ என்று கை பரபரத்தது.

கடைசிக் குழி. எதிர் ஜோடியும் இவர்களும் சமம். நாத்தனார் அடித்தாள். பந்து பச்சை வட்டத்தையும் அதன் பின்னாலிருந்த மணல் பள்ளத்தையும் தாண்டி, அடர்ந்த புல்லில் போய் விழுந்தது.

கூட்டம் ‘அடடா’ என்றது.

“இதைவிட மோசமான இடம் உனக்குக் கிடைக்கலையாம்மா?”

“தேடினேன், கிடைக்கல. பேசாம அடிங்க அண்ணி.”

இந்த நக்கலுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை! டாக்டர் மூச்சை இழுத்து விட்டாள். வீசினாள். பந்து மணலுக்கு மேலே பறந்தது, வட்டத்தின் விளிம்பில் இறங்கியது, சரிவில் வளைந்து உருண்டது... உருண்டது... கொடிக் கம்பில் ‘டங்’ என்று மோதி, உள்ளே விழுந்தது!

“என் பொண்டாட்டிய்யா! என் பொண்டாட்டி!” கணவர் கயிற்றைத் தாண்டிக் குதித்து, கால் தடுக்கி விழுந்து, எழுந்து ஓடி வந்தார்.

பயிற்சியாளர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “டாக்டர், அணியில அந்த இடம் உங்களுக்குத்தான். உண்மையைச் சொன்னா, உங்க நாத்தனாரைத்தான் நினைச்சு வெச்சிருந்தேன். உங்ககிட்ட இப்படி ஒரு சிப் இருக்குன்னு எனக்குத் தெரியாமலே போச்சே!”

டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. கோப்பையைத் தூக்கிக்கொண்டு நாத்தனாரைத் தேடினாள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்காமல் விடக்கூடாது.

பின்பக்கம், பயிற்சித் திடலில் தனியாக அடித்துக்கொண்டிருந்தாள் நாத்தனார். தூரத்தில் ஒரு கொடி. ஒரு பந்து போய் அதன் காலடியில் விழுந்தது. இன்னொன்று அதை ஒட்டி. அடுத்ததும் அங்கேயேதான்.

டாக்டர் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“அப்போ... இன்னிக்கு ஒண்ணுகூடக் கொடிகிட்ட விழலையே, ஏம்மா?”

நாத்தனார் அடுத்த பந்தை எடுத்து வைத்தாள்.

“நானே கொடிக்குப் பக்கத்துல போட்டுக்கிட்டு இருந்தா, உங்க சிப்பைப் பயிற்சியாளர் எப்படி அண்ணி பார்ப்பார்?”