ஈரல் என்று மட்டும் சொன்னேன்

அந்த அறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம்: டொக்டர், என் மகன் சுதாகரன், அவன் மனைவி ஜீவராணி, நான்.

உட்காரச் சொன்னார்கள். முப்பத்தோரு வருடம் தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக, நின்றபடியே ஆட்களை வேலை வாங்கியவன். நின்றேன்.

டொக்டர் தனக்குத் தெரிந்த தமிழில் நிதானமாகச் சொன்னார். சுதாகரனுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். ஈரலுக்குப் பரவிவிட்டது. நான்கு இடங்களில்.

கொஞ்ச நேரம் அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

பிறகு கேட்டது இது: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் மருந்து ஏற்றுவார்கள். மூன்று மாதத்தில் மறுபடி ஸ்கேன். கட்டிகள் சுருங்கினால் குடலிலும் ஈரலிலும் வெட்டி எடுக்கலாம். சுருங்காவிட்டால் என்ன என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

ஒன்பது வருடமாக என் எதிரில் உட்காராத மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் இழுத்துக்கொள்ளவில்லை.

இரத்தம் எவ்வளவு காலமாகப் போகிறது என்று டொக்டர் கேட்டார்.

சுதாகரன் என் பக்கம் திரும்பவில்லை.

“ரெண்டு மாசந்தாங்க, டொக்டர்.”

அவர் ஸ்கேனை மறுபடி பார்த்தார். பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவன் சொன்னதையே எழுதினார்.

தோட்டத்தில் விசாரித்தவர்களிடம் ஈரலில் கோளாறு என்று மட்டும் சொன்னேன். வாசலில் நின்று குடல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் பக்கம் ஈரல் என்றால் சாராயம்.

மறுநாளே கொழுந்து நிறுக்கும் இடத்தில், தராசு பிடிக்கும் அழகுமுத்து சிரித்தான். “உங்க மகன் வீட்டுக்குள்ளயே வச்சு அடிச்சிருக்காரு போல, கங்காணி. வெளிய வாடையே வரலியே.”

இப்போது தோட்டத்து வரிசை வீடுகளான ஆறு லயமும் அதைத்தான் பேசுகிறது. ஜீவராணி தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நிற்கிறது.

இன்று காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில், எல்லோர் முன்னிலையிலும் இதைச் சொன்னேன்.

சுதாகரன் குடித்தான் என்பது பொய். ஒரு சொட்டுக்கூட அவன் தொட்டதில்லை. அவனுக்கு இரத்தம் போகத் தொடங்கிப் பதினான்கு மாதம். முதல் நாளே என்னிடம் சொன்னான். அப்போது அவன் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். மூல வியாதியாக இருக்கும், டிஸ்பென்சரிக்குப் போய் ஊரைக் கூட்டாதே, வாயை மூடிக்கொண்டு இரு என்றவன் நான்.