இன்றைய அப்டேட்

"சார், உளவு புரோகிராம் ஒண்ணு சிக்கியிருக்கு. லேப்டாப்புல ஒளிஞ்சுகிட்டு மெசேஜையெல்லாம் வேற ஆளுக்கு அனுப்புது. இதைக் கண்டுபிடிக்கிற அடையாளத்தை இன்னிக்கு அப்டேட்ல சேர்த்துடவா?"

ஆன்டிவைரஸ் கம்பெனியின் பிரிவுத் தலைவர், தன்கீழ் வேலை பார்க்கும் பெண் காட்டிய திரையை வெறித்தார்.

"இது வைரஸ் இல்லையேம்மா. காசுக்கு விக்கிற சாஃப்ட்வேர்தானே?"

"காசு குடுத்துட்டா திருட்டு நல்லதாயிடுமா சார்? எவனோ வெட்கங்கெட்டவன் வாங்குறான், இவங்க விக்கிறாங்க."

தலைவர் சம்மதம் என்ற பொத்தானை அழுத்தினார்.

'நாங்க அனுப்பினா டீ ஆறுறதுக்குள்ள எல்லா மெஷினுக்கும் போயிடும்' என்று ஊரெல்லாம் பெருமையடிப்பவர், இன்று டீயைத் தொடாமலே வீட்டுக்கு ஓடினார்.

சாப்பாட்டு மேஜையில் மனைவியின் லேப்டாப் திறந்திருந்தது. திரையில் சிவப்புக் கட்டம்: 'உங்கள் மெசேஜ்களை வேறொருவர் படிக்கிறார்.'

"நீங்க போட்டுக் குடுத்த ஆன்டிவைரஸ்தான் பிடிச்சுது" என்றாள் மனைவி.

"எவனோ வெட்கங்கெட்டவன்..." என்று ஆரம்பித்தார் அவர்.

"இந்த லேப்டாப்பைத் தொடுறது நாம ரெண்டு பேர்தான்."

அவள் லேப்டாப்பை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"கேட்டிருந்தா நானே காட்டியிருப்பேனே."