அரையும் மூன்றில் ஒன்றும்

"அரையோட மூணுல ஒண்ணைக் கூட்டினா?"

"அஞ்சுல ரெண்டு."

நான்காவது முறையாக அதே தப்பு. நாளை ஆய்வாளர் வருகிறார். ஆறாம் வகுப்பில் பின்னம்தான் கேட்பார். எனக்கோ காலையிலிருந்து குனிந்து நிமிர்ந்து இடுப்பே விட்டுப்போயிருந்தது.

"அஞ்சுல ரெண்டு அரையைவிடச் சின்னது. கூட்டினா குறையுமா? ரெண்டுக்கும் கீழே ஆறு போடணும். ஆறுல மூணு, ஆறுல ரெண்டு..."

"அட, ஆறுல அஞ்சு! இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

பெஞ்சிலிருந்து கணக்கு வாத்தியார் எழுந்தார்.

"பொழச்சேன். நாளைக்குப் பசங்களுக்கு இதையே நடத்திடுறேன்."

"ஆய்வாளர்கிட்ட என் வேலை விஷயம் சொல்றேன்னீங்களே, சார்?"

"கணக்கு வாத்தியாருக்குக் காலி இடமே இல்லையேம்மா! மிச்ச ரெண்டு ரூமையும் பெருக்கிட்டுக் கிளம்பு."

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி, கணிதத்தில் முதல் வகுப்பு. துடைப்பத்தை எடுத்தேன்.