ரசஞ்சோறு

ஒரகடம் கம்பெனி பஸ் போனால் போகட்டும் என்று, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு குழந்தைகள் காப்பகத்துக்குள் பாய்ந்தாள் சசிகலா.

“கோதுமை ஆகாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே! நேத்து இன்னா குடுத்த? மறுபடி வயிறு உப்பிக்கினு கத்துது!”

“நீ குடுத்தனுப்பின ரசஞ்சோறுதான், சத்தியமா!” என்றாள் ஆயா முனியம்மாள்.

“பொய் சொல்லாத! வா, டாக்டராண்டயே கேக்கலாம்!”

இருவரையும் கேட்டுவிட்டு, “ரசத்துல என்னம்மா போடுவீங்க?” என்றார் டாக்டர்.

“மிளகு, சீரகம், பெருங்காயம். வயிறு உப்பினா பெருங்காயத்த இன்னும் கூடப் போடுவேன். பெத்தவளுக்குத் தெரியாதா, டாக்டர்?”

“கடையில விக்கிற பெருங்காயத்தூள்ல பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும்மா.”



முனியம்மாள் சசிகலா பக்கம் திரும்பினாள்.

“இன்னா, கம்முனு கீற? இப்ப கத்தேன், பாக்கலாம்!”