மூன்று தட்டு

மத்தியான வெயில் ஓட்டல் மாடியின் கண்ணாடி வழியே நேராக மேஜையில் விழுகிறது. விமானந்தாங்கிக் கப்பல் தீப்பிடித்து முப்பத்தெட்டு வருஷம். தப்பிய இரண்டு பேர், கப்பலின் மெக்கானிக்கும் சமையல்காரரும், காபியை ஆறவிட்டு ஒரு போட்டோவின் மேல் கவிழ்ந்திருக்கிறார்கள். கப்பல் போட்டோகிராபர் அன்றைக்கே எடுத்தது. சமையல்காரர் எங்கெங்கோ அலைந்து வாங்கி வந்திருக்கிறார். புகை மண்டிய கீழ்த்தளம், இரும்புக் கதவு, ஸ்பானரால் அதைத் தட்டிக்கொண்டிருக்கும் மெக்கானிக். “பாத்தியா, மூணு தட்டு தட்டினேன்டா!” மெக்கானிக் வருஷா வருஷம் சொல்வதற்கு இன்று சாட்சி கிடைத்துவிட்டது. தீ பரவாமல் கதவைப் பூட்டும் முன் தட்ட வேண்டும், உள்ளே ஆள் இருந்தால் திருப்பித் தட்டுவான். கப்பல் வழக்கம் அது. “ஒரு சத்தம் வரல. வந்திருந்தா பூட்டியிருப்பேனா?” உள்ளே ஒன்பது பேர் இருந்தார்கள். “புகையில முன்னாடியே மயங்கியிருப்பாங்க, விடுறா,” என்கிற சமையல்காரர் குனிந்து பார்த்துச் சிரிக்கிறார். “அது என்ன, ரெண்டு காதுலயும் பன்னைக் கட்டி வச்ச மாதிரி?” “காது மூடிடா. மேல்தளத்துல விமானச் சத்தத்துக்கு மாட்டுவோமே, அது...” மெக்கானிக்கின் விரல் போட்டோவிலேயே நின்றுவிடுகிறது. “இதை நான் எப்பக் கழட்டினேன்?” “நீ எங்க கழட்டின? பூட்டிட்டு மேல வந்து தண்ணி கேட்டப்ப நான்தான் கழட்டி...” பாதியில்தான் சமையல்காரருக்கு உறைக்கிறது. மெக்கானிக் நிமிரவில்லை. “அப்ப அவங்க தட்டியிருப்பாங்க,” என்கிறார்.