தையற்காரரின் அரை மணி நேரம்

நாடு விட்டு நாடு வந்தவர்களுக்காகப் பதினான்கு மொழிகளில் வானொலி நிலையம் தொடங்கியவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினான்காவது மொழிக்கு அந்த நகரத்தில் இருந்ததே ஒரே ஒரு ஆள், ஒரு தையற்காரர்.

"நான் பேசினா இங்க யாருக்கும்மா புரியும்?" என்றார் அவர்.

"நீங்க பேசுங்கண்ணே. கேக்குற காது தானா வரும்," என்று ஞாயிறு மதியம் அரை மணி நேரம் கொடுத்தாள்.

ஒன்பது வருடம் பேசினார். ஒரு நேயர்கூடத் தொலைபேசியில் அழைத்ததில்லை. போன மாதம் இறந்துபோனார்.

"விழலுக்கு இறைச்ச தண்ணிதான்க்கா இது. அந்த நேரத்தைப் பாட்டுக்குக் குடுத்துடலாம்," என்றார் மேலாளர்.

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. அவருடைய பழைய பதிவு ஒன்றைக் கடைசி முறையாக ஒலிபரப்பினாள்.

ஐந்தாவது நிமிடம் தொலைபேசி அடித்தது. எடுத்தால் ஒரு பெண் குரல், அவருடைய மொழியில். அக்காவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் அந்தக் குரல் கெஞ்சியது. அழைப்பை அப்படியே ஒலிபரப்பில் இணைத்தாள்.

பதிவில் பேசிக்கொண்டிருந்த தையற்காரர் பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். அந்தப் பெண் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பதில் சொன்னார். அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

தொலைபேசியில் மற்ற நான்கு இணைப்புகளின் விளக்குகளும் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. மேலாளர் தொலைபேசி பக்கம் ஓடி வந்தார்.

"எ... எடுக்கட்டுமாக்கா?"

"எடுத்து வரிசையா குடுங்க," என்றாள் அக்கா. "அண்ணனுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."